சாலொமோனின் ஆலயம்: கல், கேதுரு, அமஞ்சி

1. கேள்வி

சாலொமோன் எருசலேமில் ஆலயத்தைக் கட்டி முடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின என்ற செய்தியோடு 1 இராஜாக்கள் நூலின் ஆறாம் அதிகாரம் முடிகிறது. அவன் தன் அரண்மனையைக் கட்டப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின என்ற செய்தியோடு ஏழாம் அதிகாரம் தொடங்குகிறது. அடுத்த வசனத்திலேயே, அந்த அரண்மனையைச் சேர்ந்த லீபனோன் வனம் என்னும் மாளிகையின் அளவு வருகிறது: நீளம் 100 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம். ஆலயமோ 60 முழ நீளம், 20 முழ அகலம். உயரம் அதே 30 முழம். பெருக்கிப் பார்த்தால் அரசனின் அந்த ஒரு மாளிகையே கடவுளின் வீட்டைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான பரப்புடையது. நூலாசிரியர் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எண்களை அருகருகே வைத்துவிட்டு வெண்கல வேலைக்குப் போய்விடுகிறார்.

அவர் தற்செயலாக இப்படி வைத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆலயத்தின் அழகை விரித்துரைக்கும் அதே நூல், அதற்கு நாடு கொடுத்த விலையையும் விடாமல் கணக்கில் எழுதுகிறது. அழகுக்கு ஒரு மூலம், குற்றச்சாட்டுக்கு வேறொரு மூலம் என்று பிரித்து வாசிக்கும் வழக்கம் ஆய்வாளரிடையே உண்டு. மூலங்கள் பலவாக இருக்கலாம். ஆனால் இன்று நம் கையில் இருக்கும் நூல் இரண்டையும் தெரிந்தே கோத்திருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

2. மூலங்களும் காலமும்

ஆலயத் திருப்பணியை இரண்டு நூல்கள் விவரிக்கின்றன. 1 இராஜாக்கள் 5 முதல் 9 வரையிலான அதிகாரங்கள் ஒன்று. 2 நாளாகமம் 2 முதல் 8 வரையிலானவை மற்றொன்று. இராஜாக்களின் நூல் இன்றைய வடிவத்தைப் பெற்றது கி.மு. 6ஆம் நூற்றாண்டில், எருசலேம் விழுந்த பிறகு. நாளாகமம் அதற்கும் பிந்தியது. பெர்சிய ஆட்சிக்காலத்தில், இரண்டாம் ஆலயத்தின் வழிபாட்டுச் சூழலில் எழுந்தது.

ஆயினும் இராஜாக்களின் நூலுக்குள் பழைய ஏடுகள் புதைந்திருக்கின்றன. அடித்தளம் போட்ட மாதம் சீப் என்றும், வேலை முடிந்த மாதம் பூல் என்றும் சொல்லிவிட்டு, அவை இரண்டாம் மாதம், எட்டாம் மாதம் என்று ஒரு பிற்காலக் கை விளக்கம் சேர்க்கிறது. எண்ணால் மாதத்தைக் குறிப்பது பின்னாளைய வழக்கம். பூல் என்ற மாதப்பெயர் கானானிய, பெனிக்கிய மரபைச் சேர்ந்தது. 1855இல் சீதோனில் கண்டெடுக்கப்பட்டு இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் எஷ்முனாசார் அரசனின் கல்லறைப் பேழைக் கல்வெட்டு அந்த மாதத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. இன்னொரு தடயமும் உண்டு. உடன்படிக்கைப் பெட்டியின் தண்டுகளின் முனைகள் மகா பரிசுத்த ஸ்தலத்துக்கு முன்னே நின்றால் தெரிந்தன என்றும், அவை இன்றுவரை அங்கே இருக்கின்றன என்றும் எட்டாம் அதிகாரம் கூறுகிறது. ஆலயம் எரிந்த பின் எவரும் இப்படி எழுதியிருக்க முடியாது. அந்தத் தண்டு முனைகளைக் கண்டவர்கள் உயிரோடிருந்தபோது எழுதிய வரி அது. பின்வந்தவர் அதைத் திருத்தாமல் விட்டுவைத்தார்.

காலத்தைக் கணிப்பதில் சிக்கல் உண்டு. எகிப்திலிருந்து புறப்பட்ட 480ஆம் ஆண்டில், சாலொமோன் ஆட்சியின் நான்காம் ஆண்டில் வேலை தொடங்கியது என்கிறது நூல். 480 என்பது பன்னிரண்டு நாற்பதுகள். பன்னிரண்டு தலைமுறை என்னும் பொருளில் வந்த எண்ணாகவே அது தோன்றுகிறது. அசீரிய ஆண்டுக் குறிப்புகளிலிருந்து பின்னோக்கி எண்ணி, சாலொமோனின் மறைவைக் கி.மு. 930ஐ ஒட்டியும், அடித்தளத்தைக் கி.மு. 966ஐ ஒட்டியும் வைப்பது பரவலான முறை.

3. களத்து மேடு

தாவீது முதலில் தனக்கு ஒரு கேதுரு வீட்டைக் கட்டிக்கொண்டான். அதன் பிறகே, கடவுளின் பெட்டி இன்னும் கூடாரத்தில் இருக்கிறதே என்ற எண்ணம் அவனுக்கு வந்தது. நாத்தான் தீர்க்கதரிசி முதலில் சரி என்று சொல்லி, இரவில் வேறு வாக்குப் பெற்றுத் திரும்பினார். அந்த மறுப்புக்கு மூன்று இடங்களில் மூன்று காரணங்கள் கிடைக்கின்றன. 2 சாமுவேலில், இத்தனை காலம் கூடாரத்தில் உலாவிய கடவுள் ஒரு வீட்டைக் கேட்கவே இல்லை என்பது காரணம். 1 இராஜாக்களில், போர்களால் தாவீதுக்கு ஓய்வில்லை என்று சாலொமோன் தீரு அரசனுக்குச் சொல்லியனுப்புகிறான். 1 நாளாகமத்தில், தாவீது மிகுந்த இரத்தம் சிந்தினான் என்று வருகிறது. முதல் காரணமே ஆழமானது. அது தாவீதின் தகுதியைப் பற்றிப் பேசவில்லை. வீடு என்ற எண்ணத்தையே கேள்விக்கு உள்ளாக்குகிறது.

இடம், எபூசியனான அர்வனாவின் போரடிக்கும் களம். தாவீது மக்கள்தொகையைக் கணக்கெடுத்தான், கொள்ளைநோய் வந்தது, அது நின்ற இடத்தில் பலிபீடம் எழுந்தது. களத்தையும் மாடுகளையும் 50 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினான் என்கிறது சாமுவேல். நாளாகமத்தில் நிலத்தின் விலை 600 சேக்கல் பொன். அந்த நூல்தான் இந்தக் களத்தை மோரியா மலை என்றும் ஆலயத்தின் இடம் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆள் எண்ணியதால் வந்த தண்டனையின் நினைவிடத்தில், மகன் ஆள் எண்ணிப் பிடித்த பணியாளர்களைக் கொண்டு ஆலயம் கட்டினான். இந்தத் தொடர்பை எந்த நூலும் எடுத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வாசிப்பவருக்கு அது தட்டுப்படாமல் போகாது.

4. கேதுருவின் விலை

மலைநாடான யூதாவில் கல்லுக்குப் பஞ்சமில்லை. நீண்ட உத்திரத்துக்கான மரம் கிடையாது. 20 முழம், அதாவது ஏறத்தாழ ஒன்பது மீட்டர் அகலமுள்ள மண்டபத்துக்கு நடுத்தூண் இல்லாமல் கூரை போட லீபனோன் கேதுருதான் வேண்டும்.

அந்த மரம் யாருக்கும் இலவசமாகக் கிடைத்ததில்லை. வெனாமூன் என்ற எகிப்திய அதிகாரியின் பயணக் கதை ஒரு பாப்பிரஸ் சுருளில் கிடைத்திருக்கிறது. கதை நடக்கும் காலம் கி.மு. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஆமோன் தெய்வத்தின் படகுக்கு மரம் கேட்டு அவர் பிப்லோஸ் துறைமுகத்துக்குப் போகிறார். அந்த ஊர் அரசன் தன் முன்னோரின் கணக்குச் சுருள்களைக் கொண்டுவரச் சொல்லி, முன்பு எகிப்து எவ்வளவு கொடுத்தது என்று வாசித்துக் காட்டுகிறான். பொன், வெள்ளி, துணி, 500 பாப்பிரஸ் சுருள்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகே 300 ஆட்களையும் 300 மாடுகளையும் காட்டுக்கு அனுப்புகிறான். தெய்வத்தின் பெயரைச் சொன்னாலும் மரத்துக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்பது அந்தக் கடற்கரையின் நடைமுறை.

தீரு அரசன் ஈராம் சாலொமோனிடம் நடந்துகொண்ட விதமும் அதுதான். கேதுருவும் தேவதாருவும் தெப்பமாகக் கட்டப்பட்டுக் கடல்வழி வந்தன. யோப்பாவில் கரையேற்றப்பட்டதாக நாளாகமம் சொல்கிறது. அங்கிருந்து எருசலேம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். எழுநூறு மீட்டருக்கு மேல் மலையேற்றம். இதற்கு ஈடாக ஈராமின் அரண்மனைக்கு ஆண்டுதோறும் 20,000 கோர் கோதுமை போனது. இந்த எண்ணின் கனத்தை அறிய அதே நூலின் நான்காம் அதிகாரத்துக்குத் திரும்ப வேண்டும். சாலொமோனின் அரண்மனைக்கு ஒரு நாளுக்கு 30 கோர் மெல்லிய மாவும் 60 கோர் சாதாரண மாவும் செலவாயின; நாடு பன்னிரண்டு மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஆண்டில் ஒரு மாதம் இதைச் சுமந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 33,000 கோர். அப்படியானால் மரத்துக்காக வெளியே போன தானியம், அரண்மனை உண்ட தானியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு. எண்கள் மிகையாகவே இருக்கட்டும், விகிதம் பேசுகிறது. உழவர் ஒருபுறம் அரண்மனைக்கு அளந்தார்கள், மறுபுறம் கேதுருவுக்கு அளந்தார்கள்.

அதுவும் போதவில்லை. இருபது ஆண்டுக் கட்டுமானத்தின் முடிவில் கலிலேயாவின் 20 ஊர்களைச் சாலொமோன் ஈராமுக்குக் கொடுத்தான். ஈராம் வந்து பார்த்தான். ஊர்கள் அவனுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஊர்களில் வாழ்ந்த இஸ்ரவேல் குடும்பங்கள் என்ன நினைத்தன என்பதை நூல் பதிவு செய்யவில்லை.

5. அமஞ்சி

கூலியில்லாக் கட்டாய வேலைக்குத் தமிழ் வேதாகமம் ஆளும் சொல் அமஞ்சி. இஸ்ரவேலர் எல்லாரிலிருந்தும் 30,000 பேர் அமஞ்சி பிடிக்கப்பட்டார்கள். மாதத்துக்கு 10,000 பேர் வீதம் லீபனோனுக்குப் போனார்கள். ஒரு மாதம் மலைக்காட்டில், இரண்டு மாதம் தங்கள் வீட்டில். இதற்கு மேல் சுமை சுமக்க 70,000 பேர், மலையில் கல் வெட்ட 80,000 பேர், வேலை வாங்கும் மேற்பார்வையாளர் 3,300 பேர்.

அன்றைய எருசலேமின் மக்கள்தொகை சில ஆயிரங்களைத் தாண்டியிராது என்பது பல தொல்லியலாளரின் கணிப்பு. ஆகவே இவற்றை வருகைப் பதிவேட்டு எண்களாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் சுழற்சி முறையின் விவரம் கற்பனையில் பிறப்பதில்லை. ஒரு மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே என்பது நிர்வாகத்தின் மொழி. வீட்டில் இருக்கும் இரண்டு மாதத்துக்குள் விதைப்போ அறுப்போ வராவிட்டால் அந்த ஆண்டு அந்தக் குடும்பத்துக்குப் போனதுதான்.

ஒன்பதாம் அதிகாரம் வேறு கதை சொல்கிறது: அமஞ்சி பிடிக்கப்பட்டவர்கள் எமோரியர், ஏத்தியர் முதலிய பழங்குடிகளில் மீந்தவர்கள், இஸ்ரவேலரில் ஒருவரையும் சாலொமோன் அடிமையாக்கவில்லை. ஐந்தாம் அதிகாரத்தோடு இது நேரடியாக மோதுகிறது. சுழற்சி முறை அமஞ்சி வேறு, நிரந்தர அடிமை வேலை வேறு என்று சமாதானம் சொல்வோர் உண்டு. சட்டப்படி அந்த வேறுபாடு இருந்திருக்கலாம். ஆனால் கதை போகும் திசை அதை ஏற்கவில்லை. பதினோராம் அதிகாரத்தில், யோசேப்பு வம்சத்தாரின் சுமை வேலைக்கு எரொபெயாம் என்ற திறமைசாலி வாலிபன் தலைவனாக்கப்படுகிறான். யோசேப்பு வம்சம் என்றால் எப்பிராயீமும் மனாசேயும்; வடநாட்டு இஸ்ரவேலின் நடுத்தண்டு. ஆக, ஒன்பதாம் அதிகாரத்தின் மறுப்பை அந்த நூலே இரண்டு அதிகாரம் கழித்து உடைக்கிறது.

அமஞ்சி வேலைக்குப் பொறுப்பாளன் அதோனீராம். இவன் சாலொமோன் நியமித்த புது ஆள் அல்லன் என்றே தோன்றுகிறது. தாவீதின் அதிகாரிகள் பட்டியலின் கடைசி வடிவத்திலேயே அதோராம் என்ற பெயர் இதே பொறுப்பில் இருக்கிறது. மூன்று ஆட்சிகளைக் கண்ட அலுவலன். அவன் முடிவுக்குப் பிறகு வருவோம்.

6. கட்டடம்

முழத்துக்கு 45 சென்டிமீட்டர் வைத்துக் கணக்கிட்டால் ஆலயத்தின் உட்பகுதி 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். கூட்டம் கூடும் மண்டபத்தின் அளவு அல்ல இது. மக்கள் வெளியே பிராகாரத்தில் நின்றார்கள். உள்ளே ஆசாரியர் மட்டும் போனார்கள். முன்மண்டபம் 10 முழம். அதன் பின் 40 முழப் பரிசுத்த ஸ்தலம். கடைசியில் நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 முழமான மகா பரிசுத்த ஸ்தலம். மூன்று பக்கமும் சுவரை ஒட்டி மூன்று அடுக்குச் சுற்றுக்கட்டு அறைகள். அவற்றின் அகலம் கீழே 5 முழம், நடுவே 6, மேலே 7. மேலே போகப் போக அறை அகலமாவதற்குக் காரணம் எளிது: ஆலயச் சுவர் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு முழம் உள்வாங்கியது, அந்தப் படியில் உத்திரம் உட்கார்ந்தது. சுவரைத் துளைக்காமல் உத்திரம் வைக்கும் வழி அது. இந்த விவரத்தைச் சொல்லத் தெரிந்தவர் கட்டடத்தை அறிந்தவராகவே இருக்க வேண்டும்.

கற்கள் வெட்டிய இடத்திலேயே செதுக்கப்பட்டு வந்தன. கட்டும்போது சுத்தியல், கோடரி, எந்த இரும்புக் கருவியின் ஓசையும் கேட்கவில்லை. உள்ளே கல் கண்ணில் படவில்லை. கேதுருப் பலகைகளில் கேருபீன்களும் பேரீச்ச மரங்களும் விரிந்த பூக்களும் செதுக்கப்பட்டுப் பொன்தகடு மூடப்பட்டது. மகா பரிசுத்த ஸ்தலத்தில் ஒலிவ மரத்தால் செய்த இரண்டு கேருபீன்கள், 10 முழ உயரம். ஒவ்வொன்றின் இரு சிறகுகளும் சேர்ந்து 10 முழம். இரண்டும் சேர்ந்து சுவரிலிருந்து சுவர்வரை அறையை நிறைத்தன. அந்தச் சிறகுகளின் கீழே பெட்டி. பெட்டிக்குள் இரண்டு கற்பலகைகள். வேறொன்றும் இல்லை என்று நூல் வலியுறுத்துகிறது. ஜன்னலற்ற இருளில், உருவமற்ற ஒரு வெற்றிடத்துக்குக் காவல்.

வெண்கல வேலை செய்தவனும் ஈராம் என்னும் பெயருடையவன். அரசன் அல்லன், கைவினைஞன். தாய் நப்தலி கோத்திரத்து விதவை. தந்தை தீரு நகரத்துக் கன்னான். யோர்தான் சமவெளியில், சுக்கோத்துக்கும் சர்தானுக்கும் நடுவே களிமண் தரையில் அவன் வார்த்தான். யாகீன், போவாஸ் என்ற இரண்டு தூண்கள் 18 முழ உயரம், 12 முழச் சுற்றளவு. உள்ளே பொள்ளல், தகட்டின் கனம் நான்கு விரற்கடை என்று எரேமியாவின் கடைசி அதிகாரம் கூறுகிறது. இந்த அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு தூண் 25 டன்னைத் தாண்டும். ஒரே வார்ப்பில் இது நடந்திராது. வளையங்களாக வார்த்து அடுக்கியிருக்க வேண்டும். செம்புக்கு வழி இருந்தது. தெற்கே திம்னாவிலும் பைனானிலும் நடந்த ஆய்வுகள், கி.மு. 10ஆம் நூற்றாண்டில் அங்கே செம்பு உருக்கும் தொழில் பெரிய அளவில் நடந்ததைக் காட்டியிருக்கின்றன. அந்தச் செம்பு இந்த ஆலயத்துக்கு வந்தது என்பதற்குச் சான்றில்லை. அந்தக் காலத்தில் அந்த அளவு உலோகம் கிடைத்திருக்கவே முடியாது என்ற பழைய ஐயம் மட்டும் நீங்கியது.

7. அண்டை ஆலயங்கள்

முன்மண்டபம், நடு மண்டபம், கருவறை என்ற நீள அமைப்பு இஸ்ரவேலின் கண்டுபிடிப்பு அல்ல. வட சிரியாவின் அயின் தாராவில் 1980களில் அலி அபு அசாஃப் அகழ்ந்தெடுத்த ஆலயம் இதற்கு மிக நெருங்கிய ஒப்புமை: இரு தூண் நின்ற முகப்பு, பின்னே மண்டபங்கள், மூன்று பக்கமும் சூழ்ந்த நடைவழி. அதன் வாசற்படிகளில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள பாதச் சுவடுகள் செதுக்கப்பட்டிருந்தன. தெய்வம் நடந்து உள்ளே போனதைக் கல் சொன்னது. 2018 ஜனவரியில் விமானத் தாக்குதலில் அந்த ஆலயம் பலத்த சேதமடைந்தது; மூவாயிரம் ஆண்டு தாங்கிய கல்லுக்கு நம் காலத்தில் நேர்ந்த கதி அது.

இன்றைய துருக்கியின் தெல் தாயினாத்தில் சிகாகோ பல்கலைக்கழகம் 1930களில் அகழ்ந்த ஆலயமும் இதே வகை. அது அரண்மனைக்குப் பக்கத்திலேயே, அரண்மனையைவிடச் சிறியதாக நின்றது. அரசன் தன் மாளிகையை ஒட்டி ஆலயம் எழுப்புவது அந்த வட்டாரத்து வழக்கம். அது அரசுரிமையின் முத்திரை. எனவே ஏழு ஆண்டும் பதின்மூன்று ஆண்டும், 60 முழமும் 100 முழமும் அண்டை நாட்டவர் கண்ணில் இயல்பாகவே பட்டிருக்கும். இயல்பு என்று எடுத்துக்கொள்ளாமல் இரண்டையும் அருகருகே நிறுத்தியது எருசலேமின் நூலாசிரியர்தான்.

எருசலேம் வேறுபட்டது வாசற்படிக்கு உள்ளே. அயின் தாராவில் தெய்வம் குடியேறியதைப் பாதச் சுவடு உறுதிசெய்தது. சாலொமோனின் பிரதிஷ்டை ஜெபமோ வானாதி வானங்களும் கொள்ளாத கடவுளை நான் கட்டிய இந்த வீடு எப்படிக் கொள்ளும் என்று கேட்கிறது. ஆலயத்தைத் திறந்துவைக்கும் அரசன் அதன் போதாமையைத் திறப்பு நாளிலேயே அறிக்கையிடுகிறான். கடவுள் வானத்தில் கேட்கிறார். அவருடைய பெயர் இங்கே இருக்கிறது. மனிதர் இந்தத் திசை நோக்கி மன்றாடுகிறார்கள். தூர தேசத்து அந்நியன் வந்து வேண்டினாலும் கேட்டருளும் என்று ஒரு விண்ணப்பம். சிறைப்பட்டுப் போனவர்கள் அங்கிருந்து இந்தத் திசையில் திரும்பி வேண்டினாலும் கேட்டருளும் என்று இன்னொன்று. இந்தக் கடைசி விண்ணப்பத்தில் பாபிலோனியச் சிறையிருப்பின் குரல் கேட்கிறது என்பதில் ஆய்வாளர் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். கி.மு. 586ஐ ஒட்டி நேபுகாத்நேச்சாரின் படை தூண்களை உடைத்து வெண்கலத்தை அள்ளிச் சென்ற பிறகு, கட்டடம் இல்லாமலே அந்தத் திசை மிஞ்சியது. பழங்காலத்து ஆலயப் பிரதிஷ்டை உரைகளில் இதற்கு இணையான ஒன்றை நான் வாசித்ததில்லை.

8. மண் சொல்வது

சாலொமோன் ஆலயத்தின் ஒரு கல்லும் நம் கையில் இல்லை. ஏரோதின் மாபெரும் மேடை அந்த மலையை மூடியது. அதன் மேல் 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பாறைக் குவிமாடமும் அல் அக்சா மசூதியும் இன்று நிற்கின்றன. அங்கே அகழாய்வுக்கு இடமில்லை. சார்லஸ் வாரன் 1867 முதல் 1870 வரை சுரங்கம் தோண்டியதும் மதிலுக்கு வெளிப்புறத்தில்தான்.

சாலொமோனின் அரசு எவ்வளவு பெரியது என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. மெகிதோ, ஆத்சோர், கேசேர் ஊர்களின் ஆறு அறை வாயில்கள் அவன் காலத்தவை என்றார் யிகேல் யாதின். இஸ்ரவேல் ஃபிங்கல்ஸ்டைன் அவற்றை ஒரு நூற்றாண்டு பின்தள்ளினார். 1993இல் கிடைத்த தெல் தான் கல்வெட்டு, கி.மு. 9ஆம் நூற்றாண்டில் தாவீதின் வம்சம் அண்டை நாட்டார் அறிந்த ஒன்று என்பதைக் காட்டியது. 2012இல் எருசலேமுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் மோத்சாவில் வெளிப்பட்ட ஆலயம், இதே நீள அமைப்பு யூதாவின் மண்ணிலேயே கையாளப்பட்டதற்குச் சான்று. பொன்னின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம், ஆட்களின் எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம். கட்டடத்தின் வடிவம் அந்தக் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்துகிறது.

9. சீகேமும் நாளாகமமும்

சாலொமோன் இறந்ததும் வடநாட்டார் சீகேமில் கூடினார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே: உன் தகப்பன் வைத்த பாரமான நுகத்தைக் குறைத்துவிடு. சாலொமோனின் மகன் ரெகொபெயாம் முதியோரின் ஆலோசனையைத் தள்ளினான்; பாரத்தைக் கூட்டுவேன் என்றான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்தன. அவர்களைச் சமாளிக்க அவன் அனுப்பிய ஆள், அமஞ்சித் தலைவன் அதோராம். மக்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். பிரிந்த நாட்டின் அரசனானவன் எரொபெயாம், முன்பு சுமை வேலைக்கு மேற்பார்வை பார்த்த அதே மனிதன். ரெகொபெயாம் ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில் எகிப்தின் அரசன் சீஷாக் வந்து ஆலயத்தின் பொக்கிஷத்தை எடுத்துப் போனான். அடித்தளம் போட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டு.

நாளாகமம் இந்த விலைக் கணக்கை மாற்றி எழுதியது. அரண்மனையின் அளவுகள் வரும் பகுதி அதில் இல்லை. இஸ்ரவேலர் 30,000 பேர் அமஞ்சி பிடிக்கப்பட்ட செய்தி இல்லை. சுமை சுமந்தவரும் கல் வெட்டியவரும் மேற்பார்த்தவரும் ஆகிய 1,53,600 பேரும் அந்நியராகவே எண்ணப்படுகிறார்கள். ஈராமுக்குப் போன ஊர்கள், ஈராம் சாலொமோனுக்குக் கொடுத்த ஊர்களாகத் திரும்பி வருகின்றன. எரொபெயாம் சுமை வேலைத் தலைவனாக இருந்த வரலாறும் விடுபட்டது. இரண்டாம் ஆலயத்தைச் சுற்றித் தங்கள் வாழ்வை மீண்டும் கட்டிக்கொண்ட ஒரு சிறு சமூகத்துக்கு முதல் ஆலயத்தின் நினைவு மாசற்றதாக வேண்டியிருந்தது. அந்தத் தேவையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் சீகேம் காட்சி அந்த நூலிலும் இருக்கிறது. மக்கள் வந்து நுகம் பாரமானது என்று சொல்கிறார்கள். எந்த நுகம் என்பதற்கு முந்திய பக்கங்களில் விடையில்லை. அமஞ்சி வேலையின் பொறுப்பாளன் அனுப்பப்படுகிறான். அவன் மேல் கல் விழுகிறது.